பட்டறை இரும்பும் பால்குடிப் பிள்ளையும்
(தாய்க்கும் சேய்க்கும் இரும்புச்சத்து கூட வழிகள்)



முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் கை கொப்புளிக்கக் கொப்புளிக்க இரும்பை அராவியவர்கள்தான் நாம் எல்லோரும். வார்ப்பிரும்பு என்றால் என்ன, எஃகு என்றால் என்ன, துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது எத்தனை சதவீதம் என்று வைவாவில் கேட்டால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லுவோம். ஆனால் நம்ம உடம்புக்குள்ளே எவ்வளவு இரும்பு இருக்கு என்று யாராவது கேட்டால் முழிப்போம்.

வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் இருப்பது மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான். அதை வைத்து ஒரு சின்ன ஆணி அடிக்கலாம், அவ்வளவுதான்! ஆனால் அந்த ஆணி அளவு இரும்பில் குறை விழுந்தால், பிரசவத்துக்குப் போகும் தாயின் உயிரும், பிறக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

"இது பொம்பளைங்க சமாச்சாரம், மெக்கானிக்கல் பையனுக்கு இதில் என்னப்பா வேலை?" என்று சிலர் சிரிக்கலாம். வேலை இருக்கிறது நண்பர்களே. நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அக்காவோ அண்ணியோ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல, நம்மை விட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரும்பு உள்ளே என்ன செய்கிறது?

நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்ற புரதம். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பின் மூலை முடுக்கெல்லாம் இறக்கும் லாரி இதுதான். உடம்பின் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த லாரிகளில்தான் இருக்கிறது.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது செத்ததும் அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் மாதிரி பிரித்தெடுத்து, புது அணு செய்யக் கொடுத்துவிடும். அதனால் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு வெளியே போகிற இரும்பு 1 மில்லிகிராம் அளவுதான். பெண்களுக்கு மாதவிடாயினால் இழப்பு இன்னும் அதிகம். கர்ப்பம் என்று வந்துவிட்டாலோ கணக்கே மாறிவிடும்.

இரும்பு குறைந்தால் வருவதுதான் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்று பொதுவாகச் சொல்வார்கள். 7-க்குக் கீழே என்றால் ஆபத்தான சோகை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கும், 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது. நம்ம தமிழ்நாடு படித்த மாநிலம்தான். இங்கேயும் கர்ப்பிணிகளில் 48 சதவீதம், குழந்தைகளில் 57 சதவீதம்! அதாவது இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு.

வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள் உண்டு. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பில்லாமல் வெளுத்திருக்கும். நகமும் நாக்கும் வெளிறும். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இன்னொரு விசித்திரமான அடையாளம்: பச்சரிசி, சாம்பல், மண், பலப்பம் இதையெல்லாம் தின்னத் தோன்றும். "மசக்கை ஆசை" என்று சிரித்துவிட்டுப் போகாமல், இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

தாயின் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போடுவோம், நமக்குத்தான் கணக்கு வருமே. ஒரு கர்ப்பத்துக்கு முழுசாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1000 மில்லிகிராம். பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு, தாயின் உடம்பில் கூடுகிற இரத்தத்துக்கு ஒரு பங்கு, பிரசவத்தில் போகிற இரத்தத்துக்கும் அன்றாட இழப்புக்கும் ஒரு பங்கு. இதில் பெரும்பகுதி கடைசி 6 மாதத்தில்தான் தேவைப்படுகிறது. 1000-ஐ 180 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 5.5 மில்லிகிராம் இரத்தத்தில் சேர வேண்டும்.

இப்போது சாப்பாட்டைப் பார்ப்போம். அரிசி, பருப்பு, காய் என்று சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளில் 15 மில்லிகிராம் இரும்பு கிடைக்கிறது என்று வையுங்கள். நம்ம ஊர்ச் சாப்பாட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இரத்தத்தில் சேர்ந்தாலே அதிகம். அப்படியானால் 1.5 மில்லிகிராம்தான். கர்ப்ப காலத்தில் உடம்பு தானாகவே உறிஞ்சும் அளவைக் கூட்டிக்கொள்ளும். அது இரண்டு மடங்கு ஆனாலும் 3 மில்லிகிராம்தான். பாக்கிக்கு எங்கே போவது? உடம்பின் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். நம்ம வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சேமிப்புப் பானையின் அடியில்தான் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சாப்பிடும் இரும்பு வீணாகாமல் இரத்தத்தில் சேரும்படி பார்க்க வேண்டும். இரண்டு, கர்ப்பிணிக்கு உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

பிள்ளையின் கணக்கு

குழந்தை தன் இரும்புச் சேமிப்பை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறது. முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில். மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு அது சுமார் 6 மாதம் வரை வரும். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

பிறந்த நிமிஷத்திலேயே குழந்தைக்குக் காசு செலவில்லாமல் இரும்பு கொடுக்க ஒரு வழி இருக்கிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் 1 முதல் 3 நிமிஷம் பொறுத்தால், நஞ்சுக்கொடியில் இருக்கும் 80 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. குறைந்தது 1 நிமிஷமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குழந்தை மூச்சு விடத் திணறினால் மருத்துவர் முடிவு வேறு. மற்றபடி, "கொடியைக் கொஞ்சம் பொறுத்து வெட்டுவீங்களா சிஸ்டர்?" என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைப்பதில் தப்பே இல்லை.

தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான், ஆனால் அது குழந்தைக்கு நன்றாகச் சேரும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கியே ஆக வேண்டும். ஏனென்றால் சேமிப்பு தீரும் நேரமும், மூளை வேகமாக வளரும் நேரமும் அதுதான். அப்போது விழுகிற இரும்புக் குறை, பின்னாளில் பள்ளிக்கூடத்தில் கவனக் குறைவாகவும் கற்பதில் தடுமாற்றமாகவும் தெரியக்கூடும். பின்னால் எத்தனை டானிக் கொடுத்தாலும் முழுசாகச் சரிக்கட்ட முடியாமலும் போகலாம்.

சாப்பிட்டும் ஏன் சேரவில்லை?

இங்கேதான் நம்ம முதல் வருஷக் கெமிஸ்ட்ரி வருகிறது. ஃபெரஸ், ஃபெரிக் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கா? கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையில் இருக்கிறது. துருவில் இருக்கிறதும் ஃபெரிக்தான். அது குடலில் எளிதில் கரையாது, உள்ளே போகாது. அதை ஃபெரஸாக மாற்றினால்தான் கதவு திறக்கும். அப்படி மாற்றிக் கொடுப்பது வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி இதிலெல்லாம் இருப்பது. இறைச்சி, மீன், ஈரலில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீமோகுளோபின் வடிவத்திலேயே இருப்பதால், எலுமிச்சையின் துணை இல்லாமலே நன்றாகச் சேரும்.

உதவி செய்கிறவர் இருந்தால் தடுக்கிறவரும் இருப்பார் அல்லவா? முதல் ஆள் டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் போய்விடும். காப்பியும் அதே வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்யும். பாலில் உள்ள கால்சியமும் தடை. தானியம், பயறுகளில் இருக்கும் ஃபைட்டேட் இன்னொரு தடை. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் இது குறையும். நம்ம பாட்டிமார் மாவைப் புளிக்கவைத்ததும் பயறை முளைகட்டியதும் ருசிக்காக மட்டும் இருந்தாலும், பலன் இரத்தத்துக்கும் கிடைத்தது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"பீட்ரூட் சாப்பிட்டா ரத்தம் ஊறும், மாதுளை சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று ஊரெல்லாம் பேச்சு. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகிவிடாது! இரண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நல்ல காய், நல்ல பழம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் கடன் வாங்கி மாதுளை வாங்க வேண்டியதில்லை.

விலை மலிவான சரக்கில்தான் இரும்பு இருக்கிறது. 100 கிராமுக்கு எள்ளில் சுமார் 14, கொள்ளில் சுமார் 8, கம்பில் சுமார் 6, கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 4 முதல் 5 மில்லிகிராம். வெல்லத்திலும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் ஒரு வேளைக்கு 10 கிராம் வெல்லம் சாப்பிட்டால் அரை மில்லிகிராம்கூட வராது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எள்ளுருண்டையில் எள்தான் முக்கியம், வெல்லம் துணைதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. கீரை, பயறு சாப்பிடும் வேளையில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கீரை அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு பிழிய வேண்டும், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி கெட்டுப்போகும்.

2. சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ கொடுங்கள். இரண்டிலுமே 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆப்பிள் கிட்டே நிற்க முடியாது.

3. டீ, காப்பியைச் சாப்பாட்டிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். டீயை நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். நேரத்தை மாற்றச் சொன்னால் கேட்பார்கள்.

4. பயறு, கொள்ளு, கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிச் சமையுங்கள்.

5. அசைவம் சாப்பிடும் வீடானால் மீன், கறி இரண்டு துண்டு தாய்க்கென்று எடுத்து வையுங்கள். அது தன் இரும்பைக் கொடுப்பதோடு, கூடவே சாப்பிடும் கீரை, பருப்பின் இரும்பும் சேர உதவும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அதை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

6. குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், குழைந்த சாதத்தில் பருப்பும் கீரையும் மசித்து, இரண்டு சொட்டு எலுமிச்சை அல்லது தக்காளிச் சாறு விட்டுக் கொடுக்கலாம். போகப் போக முட்டை, முள் நீக்கிய மீன், கொஞ்சமாக வேகவைத்து மசித்த ஈரல். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குப் போடாமல் பிள்ளைக்குப் போடுங்கள்!

7. ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம். அதில் இரும்பு மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் உண்டாகும். டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

8. வெளியே போகும்போது செருப்பு, மலம் கழிக்கக் கழிப்பறை. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு தினமும் இரத்தம் குடிக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்து என்ன பயன்? பூச்சி மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகள் செவிலியரைக் கேட்காமல் போடக் கூடாது.

இரும்புச் சட்டி

நம்ம தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரிப் புளிப்பானதைச் சமைத்தால், புளிப்பில் இரும்பு கொஞ்சம் கரைந்து குழம்பில் சேர்கிறது. எத்தியோப்பியாவில் குழந்தைகளுக்கு இரும்புப் பானையில் ஒரு பிரிவுக்கும், அலுமினியப் பானையில் ஒரு பிரிவுக்கும் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்புப் பானைக் குழந்தைகளுக்குத்தான் ஹீமோகுளோபின் அதிகம் ஏறியது. 1999-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. அலுமினியமும் நான்-ஸ்டிக்கும் வந்த பிறகு பரணில் தூக்கிப்போட்ட சட்டியை இறக்கித் தேய்த்துப் பழக்கலாம். ஆனால் துருவைச் சுரண்டிப் போடுவது, இரும்புத்தூள் போடுவது போன்ற புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம்.

இதே யோசனையில், கம்போடியாவில் கிறிஸ்டோபர் சார்லஸ் என்ற கனடா மாணவர் 2008-ல் தொடங்கிய வேலை சுவையானது. வெறும் இரும்புக் கட்டியைக் குழம்பில் போடப் பெண்கள் மறுத்தார்கள். அந்த ஊரார் அதிர்ஷ்டம் என்று நம்பும் மீனின் வடிவத்தில் வார்த்துக் கொடுத்ததும் போட்டார்கள். ஆனால் பின்னாளில் அங்கே நடந்த இன்னோர் ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. காரணம், அந்தப் பகுதியில் பலருடைய சோகைக்கு இரும்புக் குறைவு காரணமே இல்லை, பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறுதான் காரணம். ஆகவே சோகை என்றாலே இரும்பு என்று நாமாக முடிவு கட்டாமல், பரிசோதித்த பிறகு மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

மாத்திரையை ஒதுக்காதீர்கள்

எங்க அக்காவுக்கு ஐந்தாம் மாதத்தில் அட்டையில் 8.6 என்று எழுதியிருந்தது. மாத்திரை கொடுத்துவிட்டிருந்தார்கள். எங்க அப்பத்தாவோ, "அதைத் தின்னா பிள்ளை கறுத்துப் பொறக்கும்டா, பெருத்துப்போயி வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும்" என்று சொல்லி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டது. அக்காவுக்கும் மாத்திரை போட்டால் குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். அப்பத்தா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது பெற்ற காலத்தில் அதற்குச் சொல்ல ஆள் இல்லை.

நான் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டேன். அவர் வீட்டுக்கே வந்து அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: நிறம் அப்பா அம்மா கொடுப்பது, மாத்திரை கொடுப்பதில்லை. மலம் கறுப்பது சேராமல் போன இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு சாப்பிட்ட பிறகு போட்டுப் படுக்கலாம். டீ, பாலோடு போடாதே, எலுமிச்சைத் தண்ணியோடு போடு. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடு. அன்று ராத்திரி அப்பத்தாவே பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. மாத்திரையும் முருங்கைக்கீரையும் எலுமிச்சையுமாக, இரண்டு மாதத்தில் அட்டையில் 10.4 ஏறியது.

அரசு தரும் அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் போட வேண்டும். குழந்தைக்கு 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் 2 தடவை 1 மில்லிலிட்டர் இரும்புச் சிரப் உண்டு. எல்லாம் இலவசம். ஒரே எச்சரிக்கை: மாத்திரையைத் தவழும் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து தின்றாலும் உயிருக்கே ஆபத்து. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனவர்களுக்குக் கீரையும் போதாது, மாத்திரையும் போதாது, ஆஸ்பத்திரிதான்.

கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்?

வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வரையறுத்தது. பெண்ணுக்குத்தான் அதிகம் வேண்டும்! நம்ம வீட்டில் நடப்பதென்ன? அப்பாவுக்கும் நமக்கும் மீன் துண்டு, கறித்துண்டு, அடிச்சட்டியின் கீரை. எல்லோரும் எழுந்த பிறகு அம்மாவுக்கு மிச்சச் சோறும் ரசமும், பசியடங்க ஒரு டம்ளர் டீயும். பிரசவித்தவளுக்குப் பத்தியம் என்று கீரையும் பழமும் விலக்கு. இரத்தம் இழந்த உடம்புக்கு எது வேண்டுமோ அதையே விலக்கினால் எப்படித் தேறும்?

இதை மாற்ற அரசு ஆணை வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டுப் பெண்களை நம்மோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் போதும். கேட்கமாட்டார்கள், நாம் சாப்பிடாமல் காத்திருந்தால் கேட்பார்கள்.

நண்பர்களே! இரும்பை எப்படி அறுப்பது, எப்படிக் கடைவது, எப்படி இணைப்பது என்று மூன்று வருஷம் படிக்கிறோம். அது அம்மாவின் தட்டிலிருந்து பிள்ளையின் இரத்தத்துக்கு எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டால், நம்ம படிப்பு சம்பளத்துக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் உதவும். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு போங்கள். அப்படியே வீட்டிலுள்ள அட்டையை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள்.

வாழ்க தாயும் சேயும்!

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை